முதியோரின் முறைப்பாடு

எல்லாள மன்னனின் ஆராய்ச்சி மணியைப் பற்றி அறியாதவர் இல்லை. கன்றை இழந்த பசு மணியை அசைத்த கதை தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான கதை. ஆனால் மகாவமிசத்தில் அதே மணியைப் பற்றி இன்னொரு சிறு செய்தியும் உண்டு. அதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. ஒரு கிழவி நெல்லை வெயிலிற் காயவைத்திருந்தாள். பருவமல்லாத பருவத்தில் மழை பெய்து நெல் நனைந்துவிட்டது. அவள் நனைந்த நெல்லை எடுத்துக்கொண்டு போய் மணிக்கயிற்றை இழுத்தாள். வானம் செய்த பிழைக்கு மன்னனிடம் முறைப்பாடு! மன்னன் அவளை எள்ளி நகையாடவில்லை. பருவமழை தவறியது தன் ஆட்சியின் குறையே எனக் கருதி நோன்பிருந்தான் என்றும், பின்னர் வாரத்துக்கு ஒருமுறை இரவில் மட்டும் மழை பெய்ததென்றும் அந்நூல் கூறுகிறது.

மழை பெய்த வரலாற்றை விட்டுவிடலாம். கிழவியின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். மணி மன்னனின் கட்டில் தலைமாட்டில் இருந்தது. கயிறோ நீண்டு வெளியே அவள் கைக்கு எட்டியது. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மணியை இழுத்த பின் அவள் தன் சொந்தக் குடிசைக்குத் திரும்பிப் போனாள். அன்றிரவு அவள் படுத்தது மன்னனின் கூரையின் கீழ் அன்று. உண்டது மன்னனின் சோறும் அன்று. ஆகையால் அவளுக்கு அச்சம் இருக்கவில்லை.

இனி, மலைநாட்டு முதியோர் இல்லம் ஒன்றிலே வாழும் மூதாட்டி ஒருத்தியை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளட்டும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பதினைந்து வயதிற் கூடையைச் சுமந்தவள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்தெடுத்தவள். கணவன் இறந்தான். மகன் கொழும்புக்குப் பிழைக்கப் போனான். மகள் வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவிலே மூன்று தலைமுறை நெருங்கிக் கிடக்க இடம் போதவில்லை. எவரோ நல்ல மனத்தோடு அவளை இல்லத்திற் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து, "பாட்டி, இங்கே ஏதாவது குறை உண்டா?" என்று கேட்கிறார். பாட்டி கைகூப்பி, "ஒரு கொறையுமில்லைங்க, நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்கிறாள். வந்தவர் மகிழ்ச்சியோடு போய்விடுகிறார்.

பாட்டி பொய் சொன்னாள் என்று கூறிவிட முடியாது. மூன்று வேளை உணவும் ஒரு கட்டிலும் கிடைப்பது அவளுக்குப் பெரிய காரியமே. ஆனால் அந்தப் பதிலுக்குள்ளே சொல்லாத சில செய்திகள் அடங்கியிருக்கலாம். மலைக்குளிரில் விடியற்காலையிற் குளிர்ந்த நீரில் குளிக்க நேர்வது உடம்புக்கு ஒவ்வவில்லை. இரவில் மலசலகூடத்துக்குப் போகத் துணைக்குக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. வெற்றிலை போடக் கூடாதென்று பையைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். கொடுப்பனவுத் தாளில் கைநாட்டு வைத்ததாக நினைவுண்டு. பணம் எங்கே போயிற்று என்று தெரியாது. மருந்து எதற்கென்று சொல்பவர் சிங்களத்திற் சொல்கிறார். ஆயுள் முழுதும் உலகுக்குத் தேயிலை பறித்தவள், மாலையில் இன்னொரு கோப்பைத் தேத்தண்ணீர் கேட்கக் கூசுகிறாள். இவற்றுட் சில மிகச் சிறியவை. சில சட்டப்படி குற்றமானவை. அவள் நாவில் எல்லாம் ஒன்றாகி, "ஒரு கொறையுமில்லை" என்று வெளிவருகின்றன.

காரணம் எளிது. யாரைப் பற்றி முறையிட வேண்டுமோ அவர் கையாற்றான் நாளைக் காலைச் சோறு வரவேண்டும். கேட்க வந்தவர் மாலையிற் போய்விடுவார். மேற்பார்வையாளர் இரவும் இருப்பார். இல்லத்தை விட்டு அனுப்பிவிட்டால் போவதற்கு வேறிடமில்லை. இத்தகைய இல்லங்களில் உள்ளோர் கொடியவர்கள் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலான இல்லங்கள் சமய நிறுவனங்களாலும் தருமச் சபைகளாலும் சொற்பப் பணத்தைக் கொண்டு நடத்தப்படுகின்றன. பணியாளர் சிலர், வேலையோ பல. ஆனால் தருமமாக நடக்கும் இடத்தில் முறைப்பாடு நன்றிகேடாக ஒலித்துவிடுகிறது. "இவ்வளவு செய்கிறோமே, இன்னுமா குறை?" என்ற ஒரு வார்த்தை போதும், பாட்டி மறுபடி வாய் திறக்கமாட்டாள்.

மலையகத்து முதியவருக்கு இந்த மௌனம் முதுமையில் வந்த பழக்கமன்று. தோட்டத்திலே குடியிருக்கும் அறையும், செய்யும் வேலையும், பெயர் பதியும் செக்ரோலும் ஒரே கையில் இருந்தன. துரையிடம் நேரே பேசத் தொழிலாளிக்கு உரிமை இல்லாத காலம் ஒன்றிருந்தது. கங்காணி வழியாகவே எதுவும் போகவேண்டும். கங்காணியைப் பற்றிய முறைப்பாடும் கங்காணி வழியாகவே! அந்த மதிலை உடைக்க முற்பட்டவர்களில் கோ. நடேசய்யர் குறிப்பிடத்தக்கவர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடை இருந்தமையால் அவர் புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். 1931 ஆம் ஆண்டில் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மையார் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகப் பாடி மக்களைத் திரட்டினார். 1940 ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டில் துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது. தொழிலாளியின் குறையைச் சங்கத்தின் பிரதிநிதி எடுத்துப் பேசலாம் என்ற முறை இவ்வாறு உயிர் கொடுத்துப் பெறப்பட்டதாகும்.

அந்த முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. தோட்டத் தலைவர் குறையைக் கேட்கிறார், ஆபீசுக்குப் போகிறார், அங்கே தீராவிட்டால் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதுகிறார். குறைகள் இருந்தாலும் இது ஒரு மணிக்கயிறே. ஆயினும் இதில் எவரும் அதிகம் பேசாத ஓர் இடைவெளி உண்டு. சங்கத்தின் சந்தா சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது. ஓய்வு பெறும் நாளிலே செக்ரோலில் பெயர் வெட்டப்படுகிறது, சம்பளம் நிற்கிறது, சந்தாவும் நிற்கிறது. வேலை போன அன்றே, குறையை எடுத்துச் செல்பவரும் போய்விடுகிறார். மனமுள்ள தலைவர்கள் முதியவர்களுக்காக அலைவதுண்டு. அது அவர்களுடைய பண்பு. கடமை என்று எழுதப்பட்ட இடம் இல்லை.

ஆனால் முதியவருக்கு முறைப்பாடு மிகுதியாகத் தேவைப்படுவதும் அந்த நாளிலிருந்துதான். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி அவருக்கு உரியது. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அதனைக் கோரலாம். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியும் உண்டு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் வீதம், வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கொடுபடவேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் செலுத்தவேண்டும். தோட்டத்தில் இதைச் சேவைக்காலப் பணம் என்பார்கள். சட்டத்தில் முப்பது நாள். நடைமுறையில் வருடக்கணக்காகக் காத்திருந்தோர் பலர். காத்திருந்தே இறந்தவர்களும் உண்டு. அரசின் முகாமையிலிருந்த சில தோட்டங்களின் நிலுவை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயம்.

பணம் இருந்தும் கிடைக்காத வழக்கு இன்னும் வேதனையானது. செக்ரோலில் "பாக்கியம்", அடையாள அட்டையில் "பாக்கியலட்சுமி", சேமலாப நிதி அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிய யாரோ ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழோ இல்லவே இல்லை. மூவரும் ஒருத்தியே என்று நிறுவுவது யார்? இந்தக் குழப்பம் எழுதுவினைஞரின் கவனக்குறைவால் மட்டும் வந்ததன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர்கள் இன்றைய முதியோர். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்றும் மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்றும் தலைகள் எண்ணிப் பிரிக்கப்பட்டன. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாழ்நாளின் பெரும்பகுதியில் எந்த நாட்டின் ஏட்டிலும் சரியாகப் பதியப்படாத ஒருவரிடம், எழுபதாம் வயதில் "பத்திரம் எங்கே?" என்று கேட்பது ஒருவகைக் கொடுமை.

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதைக் கடந்தோரைப் பற்றியது. அதன் பெயரிலே "நலன்" என்றில்லாமல் "உரிமை" என்றிருப்பது கவனிக்கத்தக்கது. முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் அச்சட்டத்தின் வழி வந்தவை. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்றும், பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்கு வதிவிட வசதி அளிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த நிலையமும், தருமமானாலும் கட்டணமானாலும், பதிவு செய்யப்படல் வேண்டும். ஆகவே இல்லத்துப் பாட்டி உண்ணும் சோறு பிச்சையன்று என்பது நாட்டின் சட்டம்.

பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் முதியவரின் விண்ணப்பத்தைக் கேட்கப் பராமரிப்புச் சபை ஒன்றையும் அதே சட்டம் ஏற்படுத்தியது. தன்னைத் தானே பேணமுடியாத தாயோ தந்தையோ அதற்கு விண்ணப்பிக்கலாம். சபை விசாரித்து மாதந்தோறும் இவ்வளவு கொடு என்று பிள்ளைக்குக் கட்டளையிடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மலையகத் தாய் ஒருத்தி மகன்மீது முறையிட முன்வருவாளா? "அவனுக்கே அங்க கஷ்டம்" என்பாள். கொழும்பிலே உணவுச்சாலையில் வேலை செய்யும் மகனுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கலாம். சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் அந்த மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்போ கடிதமோ போதுமானதாக இருக்கக்கூடும். அதைச் செய்வது யார் என்பதே மறுபடியும் கேள்வி.

அமெரிக்காவில் இக்கேள்விக்கு அவர்கள் கண்ட விடையை இங்கே சொல்லலாம். அந்நாட்டின் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் முதியோர் அவதியுற்ற செய்திகள் வெளிவந்தபின், 1972 ஆம் ஆண்டில் சில மாநிலங்களிற் சோதனையாக ஒரு முறை தொடங்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டில் அது எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. "ஒம்புட்ஸ்மன்" என்ற சுவீடன் நாட்டுச் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குறைகேள் அதிகாரி என்று தமிழிற் கூறலாம். அவருக்கும் இல்லத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கக்கூடாது. அங்கே சம்பளமோ பங்கோ பெறக்கூடாது. அவரும், அவரிடம் பயிற்சி பெற்ற தொண்டர்களும் இல்லங்களுக்குப் போய்வருகிறார்கள், முன்னறிவித்தலின்றியும் போகலாம். முதியவர் சம்மதியாமல் அவர் பெயரை வெளியிடமாட்டார்கள். அவர் வேண்டாம் என்றால் முறைப்பாட்டை மேலே கொண்டுபோகவும் மாட்டார்கள். அந்நாட்டில் மிகுதியாக வரும் முறைப்பாடுகள் எவையென்று பார்த்தால், இல்லத்தை விட்டு வெளியேறச் சொல்வதும், உதவிக்கு அழைத்தாற் பணியாளர் வராதிருப்பதும் முன்னணியில் நிற்கின்றன. அங்கே கட்டிலருகில் மின்சார மணி உண்டு. மணி இருந்தும் கேட்பாரில்லை என்பது இரு நாட்டு முதியோருக்கும் பொதுவான துன்பம் போலும்.

அந்த முறையிலும் குறைகள் உள்ளன. குறைகேள் அதிகாரிக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பேசித் தீர்க்கவோ, உரிய திணைக்களத்துக்கு அறிவிக்கவோதான் முடியும். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் இல்லாமையே சில வேளைகளில் நன்மையாகிறது. வெந்நீருக்காக எவரும் நீதிமன்றம் போவதில்லை. அருகிலிருந்து பேசுபவர் ஒருவர் இருந்தால் ஒரு விறகுக்கட்டோடு அந்தக் காரியம் முடிந்துவிடும்.

இலங்கையிலும் ஒம்புட்ஸ்மன் உண்டு. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் கீழ் 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அந்தப் பதவி அரச நிறுவனங்களைப் பற்றிய முறைப்பாடுகளுக்கு உரியது. மனித உரிமைகள் ஆணைக்குழுவும், வறியவருக்கு இலவசச் சட்ட உதவி அளிக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவும் உள்ளன. ஆனால் இவை அனைத்தும் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு வருபவருக்கான கதவுகள். எழுதத் தெரியாதவர், நடக்க இயலாதவர், பஸ் போகாத மலைமேல் வாழ்பவர் ஆகியோரிடம் போகவேண்டிய கால்கள் வேறு.

அந்தக் கால்கள் மலையகத்தில் இல்லாமலில்லை. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகிறார்கள். கிராம மட்டத்திலிருந்து தேசிய மட்டம்வரை முதியோர் சபைகள் அமைக்கும் ஏற்பாடும் உண்டு. கிராமங்களில் இச்சபைகள் கூடுகின்றன, சிரமதானம் செய்கின்றன, யாத்திரை போகின்றன. தோட்டங்களில் எத்தனை லயங்களுக்கு இவற்றின் பெயராவது தெரியும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். தோட்டம் கிராமமாகக் கருதப்படாமல் ஒதுங்கி நின்ற காலம் நீண்டது. பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டக் குடியிருப்பில் தடையின்றிச் செலவிடுவதற்கே 2018 ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது.

யாத்திரை போவது நல்லதுதான். அதற்கு முன்னே வேறொரு நடை இருக்கிறது. தோட்டத்து முதியோர் சபையிலிருந்து இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாக, மாதம் இருமுறை அருகிலுள்ள இல்லத்துக்குப் போகலாம். தீபாவளிக்கும் ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்துக்கும் சோற்றுப் பொதியோடு போவோர் பலர். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு போய் அரைமணி நேரம் கட்டிலருகே அமர்ந்திருப்பவரிடந்தான் பாட்டி பேசத் தொடங்குவாள். முதல் முறை பேசமாட்டாள். இரண்டாம் முறை தோட்டத்தைப் பற்றிக் கேட்பாள்: எந்த மலையில் கவ்வாத்து நடக்கிறது, யார் மகள் பூப்பெய்தினாள் என்பன போல. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, குரலைத் தாழ்த்தி வெற்றிலைப் பையைப் பற்றிச் சொல்வாள். கைநாட்டு விடயம் அதற்கும் பிறகே வரும்.

சில இல்லங்களில் முறைப்பாட்டுப் பெட்டி வைக்கிறார்கள். அது பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மேசைக்கு எதிரே, நிமிர்ந்து நிற்கக்கூடியவரின் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டப்படுகிறது. திறவுகோலும் அதே மேசையின் லாச்சியில் இருக்கும். எழுத்தறியாத, கூனிய முதுகுள்ள பெண்களுக்கு இப்படிப் பெட்டி வைத்தவர் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார். எண்ணம் மட்டும் போதாது.

கேட்டவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாட்டியின் விருப்பத்தை முதலிற் கேட்கவேண்டும். "மேலிடத்திற் சொல்லட்டுமா, இங்கேயே பேசட்டுமா, அல்லது கேட்டதோடு விட்டுவிடட்டுமா?" என்று. வெற்றிலையும் வெந்நீரும் மேற்பார்வையாளரோடு பேசித் தீர்பவை. அவரும் பெரும்பாலும் மனமுள்ளவரே. பணம் காணாமற் போனால் பிரதேச செயலகத்து உத்தியோகத்தரிடம் போகவேண்டும். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமுமாயின் தொழில் அலுவலகம். பெயர் வேறுபாட்டுக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றும் சத்தியக்கடதாசியும் வேண்டும். பழைய செக்ரோலைப் பார்த்துத் தோட்ட ஆபீஸ் தரும் கடிதம் பெரிதும் உதவும். அடி, பட்டினி, பூட்டிவைத்தல் போன்றவை பொலிஸுக்குரியவை. அங்கே தாமதமும் சமரசமும் கூடாது. நினைவு தடுமாறிய முதியவர் சம்மதம் சொல்ல இயலாத வேளையில் அவருடைய நன்மையையே கருதிச் செயற்பட வேண்டும். இது எல்லாவற்றிலும் கடினமானது.

மொழியும் ஒரு காரியம். தமிழும் அரசகரும மொழி என்று 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகத்துக்கெனப் பிரகடனப்படுத்தப்பட்டவை. ஆகவே தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குத் தமிழிலே பதில் கேட்பது சலுகையன்று. சிங்களத்தில் வந்த பதிலை யாரோ வாசித்துச் சொல்ல, "சரியாப் போச்சாம்" என்று கேட்டுக்கொண்டு திரும்பிய முதியவர்கள், உண்மையில் இன்னொரு பத்திரம் கேட்கப்பட்டிருந்ததை அறியாமலே மாதங்களை இழந்துவிடுகிறார்கள்.

முறைப்பாட்டை எழுதும்போது பாட்டி சொன்ன சொற்களையே எழுதவேண்டும். எழுதியதை உரத்து அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். கண்ணும் காதும் மங்கியவர்களுக்கு இரண்டு முறை. திகதியிட்டு, கைநாட்டுப் பெற்று, அனுப்பியதற்கான பதிவுத் தபால் துண்டை வாங்கி, கடிதத்தின் பிரதியோடு சேர்த்து மடிக்க வேண்டும். அந்தப் பிரதி இல்லத்து அலுமாரிக்குப் போகக் கூடாது. சங்கத்துக் கோவைக்கும் போகக் கூடாது. பாட்டியின் தலையணைக்குக் கீழே, அவள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சுருக்குப்பையில், அடையாள அட்டையோடு இருக்கட்டும்.